கழன்ற கம்பியும் கழற்றப்பட்ட எஞ்சின்களும்

2024 மார்ச் 26-ந் தேதி அதிகாலை ஒன்றரை மணிக்குச் சற்று முன்னால், அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட "டாலி" என்ற சரக்குக் கப்பல் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. சில வினாடிகளில் பாலம் ஆற்றில் விழுந்தது. பாலத்தின் மேல் அந்நேரத்தில் சாலைக் குழிகளை அடைக்கும் வேலைக்கு வந்திருந்த தொழிலாளர்கள் இருந்தனர். அவர்களில் ஆறு பேர் மாண்டனர். மெக்சிகோ, குவாதமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போனவர்கள் அவர்கள். ஊர் உறங்கும் நேரத்தில் ஊராருடைய மோட்டார்களுக்காகச் சாலையைச் செப்பனிட்டவர்கள்.

கப்பலோ இலங்கைக்கு, கொழும்புத் துறைமுகத்திற்குப் புறப்பட்டது. அதில் இருந்த சிப்பந்திகள் 21 பேர். இருபது பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். ஆக, பாலத்தின் மேலும் கூலிக்காரர்கள், பாலத்தின் அடியிலும் கூலிக்காரர்கள். கப்பலின் சொந்தக்காரர்களில் எவரும் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

இந்த விபத்தின் காரணத்தை ஆராய்ந்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் தன் முடிவைக் கூறியது. ஒரு கம்பி! மின்சாரப் பெட்டியில் செருகப்பட்டிருந்த ஒரே ஒரு சமிக்ஞைக் கம்பி கழன்றதுதான் தொடக்கம் என்று வாரியம் கண்டது. அந்தக் கம்பிக்கு அடையாளம் காட்ட ஒரு சிறு பட்டை மாட்டியிருந்தார்கள். பட்டை மாட்டிய விதம் சரியில்லை. ஆகையால் கம்பி முழுவதும் உள்ளே போகாமல், பாதியில் தொங்கிக்கொண்டு நின்றது. அது கழன்றதும் மின் இணைப்பு அறுந்தது. விளக்குகள் அணைந்தன. கப்பல் இருளில் மூழ்கியது.

இதைப் படித்த பத்திரிகைகள் பல, "ஒரு கம்பி பாலத்தை வீழ்த்தியது" என்று அதிசயம்போல் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. நாம் அப்படிப் போக முடியாது. நம் மாகாணத்தின் கடற்கரை ஊர்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் கப்பல் எஞ்சின் அறைகளில் வேலை செய்கிறார்கள். தூத்துக்குடியிலும் குமரி மாவட்டத்திலும் ராமநாதபுரத்திலும் இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு, எஞ்சின் அறை என்பது தூரதேசத்துச் செய்தி அல்ல. மகன் வேலை செய்யும் இடம்.

மின்சாரம் போனால் எஞ்சின் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். நாமும் கேட்டோம். நாம் எஞ்சினியர்கள் அல்ல, விஷயம் அறிந்த தோழர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

"டாலி" 300 மீட்டர் நீளமுள்ள கப்பல். சரக்கோடு சேர்த்து ஒரு லட்சம் டன்னுக்கு மேல் எடை. இத்தனை பெரிய உடலைத் தள்ளுவது ஒரே ஒரு பிரதான எஞ்சின், ஒரே ஒரு சுழல் விசிறி. எஞ்சின் ஓடுவது எண்ணெயால்தான். ஆனால் அதைக் குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளுவதும், அதன் மூட்டுகளுக்கு மசகெண்ணெய் ஊட்டுவதும் மின்சார பம்புகள். மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் எஞ்சின் வெந்து நாசமாகாதிருக்கத் தானே நின்றுவிடும். அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். சுக்கானைத் திருப்புவதும் மின்சார பம்புதான். ஆக ஒரு கம்பி கழன்றவுடன் கப்பலுக்குக் காலும் போயிற்று, கையும் போயிற்று.

மின்சாரத்தைச் சிப்பந்திகள் மீண்டும் கொண்டுவந்தார்கள். இருட்டில், நிமிஷத்தைக் கூட எண்ண நேரமில்லாத நிலையில், அந்த இளைஞர்கள் அதைச் செய்தார்கள். ஆனால் உடனே இரண்டாம் முறையும் மின்சாரம் நின்றது. இதற்குக் காரணம் கம்பி அல்ல. வேறொரு பம்பு. இந்த இடத்தைத்தான் வாசகர்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

மின்சாரம் உண்டாக்கும் ஜெனரேட்டர்களுக்கு எண்ணெய் ஊட்ட அந்தக் கப்பலில் முறையான பம்புகள் இருந்தன. ஒன்று நின்றால் மற்றொன்று தானே கிளம்பும். மின்சாரம் போய் வந்தால் தானே ஓடத் தொடங்கும். கப்பல் கட்டியவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அவற்றுக்குப் பதிலாகக் குழாய்களைக் கழுவுவதற்கென்று வைத்திருந்த ஒரு சாதாரணப் பம்பைக் கொண்டு எண்ணெய் ஊட்டி வந்தார்கள். அதற்கு மாற்று கிடையாது. ஒருமுறை நின்றால் ஆள் போய் விசையைத் தட்டினால்தான் மறுபடி ஓடும். முதல் இருட்டில் அது நின்றது. ஜெனரேட்டர்களுக்கு எண்ணெய் இல்லை. இரண்டாவது இருட்டு வந்தது. பாலமும் வந்தது.

முதல் நாள் துறைமுகத்தில் நின்றபோதே அந்தக் கப்பலில் இரண்டு முறை மின்சாரம் நின்றிருக்கிறது என்பதையும் விசாரணை வெளிப்படுத்தியிருக்கிறது. பராமரிப்பு வேலையின்போது தவறி ஒரு புகைப்பாதைக் கதவை மூடியதால் ஒருமுறை. எண்ணெய் அழுத்தம் குறைந்ததால் மறுமுறை. இவையும் கம்பி கழன்றதும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் முந்திய பகலில் இரண்டு முறை இருண்ட கப்பல், மறுநாள் பொழுது விடியுமுன் புறப்பட்டுவிட்டது! நம் ஊரில் ஒரு பஸ் டிரைவர் கூட பிரேக் பிடிக்காத வண்டியை டிப்போவுக்குத் திருப்பிவிட்டு, காரணம் தெரிந்த பிறகுதான் எடுப்பார்.

கழுவும் பம்பை ஏன் ஓட்டினார்கள்? செலவை மிச்சப்படுத்தவும் சௌகரியத்துக்காகவுமே என்று அமெரிக்க சர்க்கார் தன் வழக்கில் குற்றம் சாட்டியது. கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், 2024 அக்டோபரில் சுமார் 10 கோடியே 20 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டன. நிர்வாகக் கம்பெனியின் மேற்பார்வை போதாது என்பதை வாரியமும் சுட்டிக்காட்டியது. இதற்கு மேல் நாம் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

"இவ்வளவு பெரிய கப்பலில் ஆயிரக்கணக்கான கம்பிகள், ஒன்று கழன்றால் யார் கண்டுபிடிப்பது? பழுது பார்ப்பது என்ன லேசான காரியமா?" என்று கம்பெனிகளின் சார்பில் பேசுவோர் கேட்கிறார்கள். பழுது பார்ப்பது கஷ்டமான காரியம் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கப்பல் முதலாளி மனம் வைத்தால் எவ்வளவு பெரிய பழுதையும் பார்க்க முடியும். கம்பியை அல்ல, எஞ்சினையே பிடுங்கிப் போட்டு வேறு வைக்க முடியும். சரித்திரத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

"குயின் எலிஸபெத் 2" என்ற உல்லாசப் பயணக் கப்பலைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில் கிளைட்பேங்க் தளத்தில் கட்டப்பட்டு, 1967 செப்டம்பரில் நீரில் இறக்கப்பட்டது. அதற்கு நீராவி டர்பைன் எஞ்சின்கள். மூன்று பாய்லர்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியை நூற்றுக்கணக்கான அலகுகள் பதித்த சக்கரங்களின் மேல் பாய்ச்சி, 1,10,000 குதிரை சக்தியை உண்டாக்கினார்கள். 1968 டிசம்பரில் பரிசோதனை ஓட்டத்தின்போதே டர்பைன் அலகுகள் அதிர்வு தாங்காமல் முறிந்தன. "சரி செய்யாமல் கப்பலை ஏற்கமாட்டோம்" என்று குனார்டு கம்பெனி பிடிவாதமாக நின்றது. அலகுகளை மாற்றிச் சீர்செய்த பின்பு, 1969 மே 2-ந் தேதிதான் முதல் பயணம் புறப்பட்டது. 1974 ஏப்ரலில் பெர்முடாவுக்கு அருகே பாய்லர் கோளாறினால் நடுக்கடலில் சக்தியிழந்து நின்று, பயணிகளை வேறொரு கப்பலுக்கு மாற்ற நேர்ந்தது. இவை அவ்வப்போது வரும் நோய்கள். மருந்து கொடுத்தார்கள், ஓடிற்று.

ஆனால் முதலாளியின் நெஞ்சில் குத்திய முள் வேறு. அந்த எஞ்சின்கள் எண்ணெயைக் குடித்தன. கப்பலைத் திட்டமிட்ட 1960-களில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் இரண்டு டாலரைக்கூட எட்டவில்லை. 1974 பிறந்தபோது அது 11 டாலரைத் தாண்டியது; 1980-ல் 30 டாலருக்கு மேல் போயிற்று. அரபு நாடுகளின் எண்ணெயை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சுகம் கண்ட காலம் முடிந்தது. இப்போது பாய்லர் எரித்தது எண்ணெயை அல்ல, லாபத்தை.

என்ன செய்தார்கள் தெரியுமா? 1986 அக்டோபர் 27-ந் தேதி கப்பலை மேற்கு ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் நகரத்துக் கப்பல் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். கப்பலின் புகைபோக்கியை அப்படியே தூக்கி எடுத்தார்கள். அந்த வாய் வழியாகப் பழைய பாய்லர்களையும் டர்பைன்களையும் அறுத்து அறுத்து வெளியே எடுத்தார்கள். அதே வழியாக ஒன்பது டீசல் எஞ்சின்களை உள்ளே இறக்கினார்கள். ஒவ்வொன்றும் மாடி பஸ் அளவு. ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேல். அவை நேரே விசிறியைச் சுழற்றுவதில்லை. மின்சாரம் உண்டாக்கும், அந்த மின்சாரம் இரண்டு ராட்சத மோட்டார்களைச் சுழற்றும். மோட்டார் ஒன்று 400 டன்னுக்கு மேல் எடை. 44 மெகாவாட் சக்தி. ஒரு சிறு நகரத்துக்கு விளக்கேற்றும் மின்சாரம் ஒரு சுழல் விசிறிக்கு! ஒன்பது புகைக்குழாய்களும் அடங்கும்படி புகைபோக்கியை அகலமாக்கித் திரும்ப வைத்தார்கள்.

வேலை முடிய ஆறு மாதம்கூட ஆகவில்லை, 179 நாட்கள். செலவு பத்துக் கோடி பவுனுக்கு மேல். 1987 ஏப்ரல் 25-ந் தேதி கப்பல் திரும்பக் கொடுக்கப்பட்டது. அதே வேகத்துக்கு முன்பு எரித்த எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாயிற்று. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த எஞ்சின்கள் ஓடின. 2007-ல் கப்பலைத் துபாய்க்கு விற்றுவிட்டார்கள். 2018 முதல் அங்கே அது ஹோட்டலாக நிற்கிறது.

இதில் வேலையாட்களின் கைத்திறனை நாம் மெச்சாமல் இருக்க முடியாது. ஒரு கப்பலின் வயிற்றைத் திறந்து, இதயத்தை எடுத்துவிட்டு, வேறு இதயம் வைத்துத் தைத்தார்கள் ஜெர்மன் தொழிலாளிகள். அவர்கள் செய்ததில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒன்பது எஞ்சின்களில் ஏழு ஓடினாலே கப்பல் மணிக்கு 28.5 கடல் மைல் வேகத்தில் போகும். மீதி இரண்டையும் நிறுத்தி வைத்து, கடலில் போகும்போதே அக்கக்காகப் பிரித்துப் பழுது பார்க்கலாம். பயணியின் சாப்பாடு ஆறாது, விளக்கு மங்காது. ஒன்று நின்றால் மற்றொன்று இருக்கும் என்ற அந்த ஏற்பாட்டை 1987-லேயே செய்ய முடிந்தது. 2015-ல் கட்டிய "டாலி"யில் அதே ஏற்பாடு எண்ணெய் பம்புக்கு இருந்தும், அதை ஓரமாய் ஒதுக்கிவிட்டார்கள்!

கோடீஸ்வரர்களின் சொந்த உல்லாசக் கப்பல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாளைக்கு எஞ்சினை மாற்ற நேர்ந்தால் சுவரை உடைக்கச் சிரமப்படக்கூடாது என்பதற்காக, கட்டும்போதே தளத்தில் கழற்றி மாட்டும் பலகை வைத்துக் கட்டுவது உண்டு. யஜமானுடைய விருந்து ஒரு நாள் தள்ளிப்போகாமலிருக்க எத்தனை முன்யோசனை!

ஆக, பழுது பார்க்கும் வித்தை தெரியாமல் இல்லை. பணம் இல்லாமலும் இல்லை. எஞ்சின் முதலாளியின் பையைக் கடித்தால் நூற்றெழுபத்தொன்பது நாளில் எஞ்சினே மாறும். எஞ்சின் தொழிலாளியின் உயிரைக் கடித்தால், பம்பும் மாறாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பெரிய பத்திரிகைகள் அதைச் சொல்லமாட்டா. "குயின் எலிஸபெத் 2"-ஐக் கட்டிய கிளைட்பேங்க் தொழிலாளிகள் என்ன ஆனார்கள்? கப்பல் முடியுமுன்பே, 1968-ல், கிளைட் நதியின் ஐந்து தளங்களை இணைத்து ஒரே கம்பெனியாக்கினார்கள். 1971 ஜூனில் அந்தக் கம்பெனி திவால் என்று அறிவிக்கப்பட்டது. 60 லட்சம் பவுன் கடன் கொடுத்தால் பிழைக்கும் என்றார்கள். ஹீத் சர்க்கார் கொடுக்க மறுத்தது. சுமார் 8,500 குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும் நிலை.

அந்தத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்யவில்லை. வேலை நிறுத்தம் செய்தால் தளத்தை மூடுவதற்கு அதுவே சாக்காகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக "வேலையை நிறுத்தமாட்டோம்" என்று போராடினார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களும் தினமும் தளத்துக்கு வந்து கப்பல் கட்டினார்கள். அவர்களுக்குத் தொழிலாளர்களும் பொதுமக்களும் திரட்டிய நிதியிலிருந்து சம்பளம் கொடுக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளான ஜிம்மி ரீடும் ஜிம்மி ஏர்லியும் அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார்கள். 1972 பிப்ரவரியில் சர்க்கார் இறங்கி வந்து 3 கோடியே 50 லட்சம் பவுன் தர ஒப்புக்கொண்டது. ஆனாலும் கிளைட்பேங்க் தளம் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கைக்குப் போய், எண்ணெய்க் கிணற்று மேடைகள் கட்டும் இடமாயிற்று. 1972-க்குப் பின் அங்கே கப்பல் கட்டப்படவில்லை. ஆகவே 1986-ல் அந்தக் கப்பலுக்கு எஞ்சின் மாற்ற வேண்டி வந்தபோது, அதைப் பெற்ற தாய்வீட்டுக்கு அதைக் கொண்டுபோக வழியில்லாமல் போயிற்று. ஜெர்மன் தோழர்களுக்கு வேலை கிடைத்ததில் நமக்கு வருத்தமில்லை. கிளைடின் கைகள் சும்மா கிடந்ததில்தான் வருத்தம்.

எஞ்சின் பழுது பார்ப்பதில் தொழிலாளியின் உயிர் எப்படி ஊசலாடும் என்பதற்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. "ரெய்னா டெல் பசிபிகோ" என்ற கப்பல் 1931-ல் பெல்பாஸ்ட் நகரில் கட்டப்பட்டது. நான்கு டீசல் எஞ்சின்கள். (தொழிற் கட்சிக்குத் துரோகம் செய்து 1931-ல் டோரிகளோடு சேர்ந்து மந்திரிசபை அமைத்த ராம்சே மாக்டொனால்டு, 1937 நவம்பரில் ஓய்வுப் பயணம் போகையில் இறந்தது இந்தக் கப்பலில்தான்.) யுத்த காலத்தில் துருப்புகளை ஏற்றிச் சென்று ஓய்ந்துபோன கப்பலை, யுத்தத்துக்குப் பின் பெல்பாஸ்ட் தளத்தில் பழுது பார்த்தார்கள். 1947 செப்டம்பர் 11-ந் தேதி பரிசோதனை ஓட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு எஞ்சினில் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறியது. எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் எப்போதும் மசகெண்ணெய் ஆவியாய்ப் புகைந்துகொண்டிருக்கும். சூடேறிய பிஸ்டன் அந்த ஆவிக்குத் தீ வைத்தது. ஒரு எஞ்சின் வெடித்தது. அந்த வெடிப்பு மற்ற மூன்றுக்கும் பரவியது. பழுது நன்றாய் முடிந்ததா என்று பார்க்க எஞ்சின் அறையில் ஆட்கள் கூட்டமாய் நின்றிருந்த நேரம் அது. 28 பேர் மாண்டனர்.

அதன் பிறகுதான் விஞ்ஞானிகள் அடிப்பெட்டி வெடிப்பைப் பற்றித் தீவிரமாக ஆராய்ந்தார்கள். உள்ளே வெடித்தால் அழுத்தத்தை வெளியே விட்டு உடனே மூடிக்கொள்ளும் கதவுகள் எஞ்சின்களில் வந்தன. எண்ணெய் ஆவி பெருகினால் முன்கூட்டி மணியடிக்கும் கருவி வந்தது. இன்று எந்தக் கப்பலிலும் எஞ்சின் அறைப் பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று, சூடேறிய எஞ்சினை நிறுத்தியவுடன் அடிப்பெட்டியைத் திறக்காதே, ஆறும்வரை பொறு, காற்று புகுந்தால் வெடிக்கும் என்பது. எத்தனை பிணங்களுக்குப் பின் எழுதப்பட்ட பாடம்! அதைக் கற்ற பையன்கள், அந்தப் பாடம் யாருடைய செலவில் எழுதப்பட்டது என்பதையும் அறிய வேண்டும்.

இப்போது கடலில் ஓடும் கப்பலில் யார் பழுது பார்க்கிறார்கள்? தளத்துக்குப் போனால் கப்பல் ஓடாத நாளுக்கு நஷ்டம். ஆகவே முடிந்ததெல்லாம் ஓட்டத்திலேயே செய்துகொள் என்பது கட்டளை. நாற்பது டிகிரிக்கு மேல் வெப்பம். காது செவிடாகும் இரைச்சல். பிஸ்டனைச் சங்கிலியில் தூக்க வேண்டும். வடிகட்டிகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். கசியும் குழாயைக் கட்ட வேண்டும். இத்தனைக்கும் ஏடு எழுத வேண்டும். துறைமுகத்தில் நின்றால் அவர்களுக்கு ஓய்வு என்று நினைப்போம். அங்கேதான் எஞ்சின் நிற்கும். ஆகவே அங்கேதான் அவர்களுக்கு வேலை அதிகம். சரக்கு இறங்கி ஏறும் ஒரு நாள் இரண்டு நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? பழைய நீராவிக் கப்பலில் எஞ்சின் அறையில் மட்டும் ஒரு பட்டாளம் இருக்கும். 300 மீட்டர் நீளமுள்ள "டாலி"யில் மாலுமி, சமையல்காரர், எஞ்சினியர் எல்லோரும் சேர்த்து 21 பேர்! யந்திரம் வளர வளர ஆளைக் குறைப்பது விஞ்ஞானத்தின் வெற்றி என்கிறார்கள். ஆளைக் குறைத்த அளவுக்கு வேலையும் குறைந்திருந்தால் நாமும் கை தட்டுவோம். இருபத்து நான்கு மணியில் பத்து மணி நேரம் ஓய்வு, வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு என்று சர்வதேசச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. கப்பலில் வேலை செய்து திரும்பும் எவரையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஓய்வு ஏட்டில் இருக்கும், உடம்பில் இராது. ஆயிரக்கணக்கான கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க இந்த ஆட்களுக்கு நேரம் ஏது?

விபத்து நடந்த பின் அந்த 21 பேருக்கு நேர்ந்ததையும் மறக்கக்கூடாது. கரையேற அனுமதி இல்லை. அவர்களுடைய டெலிபோன்களைப் போலீசார் எடுத்துக்கொண்டார்கள். 2024 மே 13-ந் தேதி கப்பலின் மேல் கிடந்த பாலத்தின் உடைந்த பகுதியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அப்போதும் அவர்கள் கப்பலுக்குள்ளேதான்! மே 20-ந் தேதி கப்பலை மிதக்க வைத்துத் துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள். அதன் பின்பும் அவர்களில் பலர் வீடு திரும்ப வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

சொந்தக்காரர்களோ விபத்து நடந்து ஒரு வாரம் ஆகுமுன், ஏப்ரல் 1-ந் தேதி, கோர்ட்டுப் படி ஏறிவிட்டார்கள். எதற்கு? தங்கள் பொறுப்பு 4 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் இல்லை என்று தீர்ப்புக் கேட்க. அவர்கள் பிடித்துக்கொண்ட சட்டம் 1851-ம் வருஷத்தது. கப்பல் சொந்தக்காரருக்குத் தெரியாமல் நடந்த குற்றத்துக்கு, விபத்துக்குப் பின் கப்பலின் மதிப்பும் அந்தப் பயணத்தின் கூலியும் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அவர் பொறுப்பு என்கிறது அந்தச் சட்டம். அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்துச் சட்டம். டைட்டானிக் முழுகியபோதும் அதன் சொந்தக்காரர்கள் இதே சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின் அறையில் என்ன நடக்கிறது என்பது எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவுக்குச் சொந்தக்காரர் தப்பலாம்! தெரிந்துகொள்ளாமலிருப்பதற்குச் சட்டமே கூலி கொடுக்கிறது. பிறகு கழுவும் பம்பு ஓடுகிறதா, முறையான பம்பு ஓடுகிறதா என்று எந்த முதலாளி விசாரிப்பான்?

இந்தியா உலகத்துக்கு லட்சக்கணக்கில் கப்பல் தொழிலாளர்களை அனுப்புகிறது. அவர்கள் அனுப்பும் டாலரைப் பற்றி மந்திரிகள் பெருமையோடு பேசுகிறார்கள். சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனத்தின் கவுன்சிலிலும் இந்தியாவுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு இந்திய சர்க்கார் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறோம்.

ஒரு கப்பலுக்குக் குறைந்தபட்சம் எத்தனை ஆள் வேண்டும் என்ற சான்றிதழை, கப்பல் பதிவான நாடு கொடுக்கிறது. எந்த நாட்டுக் கொடி மலிவாக ஆள் கணக்குப் போடுகிறதோ அந்தக் கொடியின் கீழ்க் கப்பல்கள் போகின்றன. இந்தக் கணக்கைப் போடும்போது, கப்பலை ஓட்ட எத்தனை பேர் என்று மட்டும் பார்க்காமல், அதன் எஞ்சின்களைப் பழுது பார்க்க எத்தனை மணி நேரம் வேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்று பார்க்க வேண்டும். எஞ்சின் அறைக் கணக்கில் கடைநிலை ஆளின் சங்கத்துக்கும் சொல் இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் மின்சாரம் நின்ற கப்பல், காரணம் கண்டு தீர்த்து, துறைமுக அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்காமல் கயிற்றை அவிழ்க்கக்கூடாது. இதைத் தலைமை எஞ்சினியர் சொன்னால் கம்பெனி கேட்க வேண்டும். சொன்னதற்காக அவருக்கு அடுத்த ஒப்பந்தம் மறுக்கப்படக்கூடாது. இன்று ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேலைக்குப் போகிற மனிதன், "இந்தக் கப்பல் புறப்படக்கூடாது" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

விபத்துக்குப் பின் விசாரணை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விசாரணைக்கு வரும் மாலுமி குற்றவாளி அல்ல, சாட்சி. அவருக்குக் கரையேற அனுமதி, வீட்டாரோடு பேச டெலிபோன், வக்கீல், சம்பளம் ஆகிய நான்கும் முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். "டாலி"யின் இருபது இந்தியர்களுக்கு இவை எந்தெந்த நாளில் கிடைத்தன, கிடைக்கச் செய்வதற்கு நம் தூதராலயம் என்னென்ன செய்தது என்பதை நாள்வாரியாகக் கப்பல் போக்குவரத்து மந்திரி பார்லிமெண்டில் வைக்க வேண்டும்.